கொல்லைப்புறத்துக் கொசுப்பொறியும் ஆட்டோமேஷன் சான்றிதழும்

எங்கள் தெருவில் கொசுப்பொறி வாங்கியவர்கள் எல்லோரும் காலையில் அதன் தட்டைக் கழற்றி அடுத்த வீட்டாருக்குக் காட்டுவார்கள். நீல விளக்கு எரியும் மின்பொறி அது. தட்டு நிறையக் கருகிய பூச்சிகள் கிடக்கும். பார்த்தவருக்கும் ஒன்று வாங்க ஆசை வரும். யாராவது உட்கார்ந்து அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். ஈசல், அந்துப்பூச்சி, விளக்கைக் கண்டால் முட்டும் சிறு வண்டுகள், எங்கோ ஓரத்தில் ஒரு கொசு. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் உண்மையாகவே அப்படி உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். 1996-இல் வெளிவந்த அந்த ஆய்வில் பொறிகளில் செத்துக் கிடந்தவை மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் மனிதரைக் கடிக்கும் வகையைச் சேர்ந்தவை 31.

கொசுவைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. ஆட்டோமேஷன், அதாவது ஆலைகளைத் தானாக இயங்க வைக்கும் தொழிலுக்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த இடத்தில் கொசு விடவில்லை. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன், ஆலையில் அளக்கும் கருவிகளையும் கட்டுப்படுத்தும் கருவிகளையும் பார்த்துக்கொள்பவன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, பிறகு பகுதிநேரமாகப் பொறியியல் பட்டம், வளைகுடாவில் சில ஆண்டுகள், இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலையில் வேலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கினால் எங்கள் ஊர். ஷிப்ட் முடிந்து வந்தால் ஓட்டு வீட்டுக்குள் அனல் அடங்க இரவு பத்து மணியாகும். படிப்பதற்கு உகந்த இடம் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடிதான். அது எனக்கு மட்டும் உகந்த இடமாக இல்லை.

எந்தக் கொசு என்று கேட்காமல் பொறி வாங்குவது, எந்தத் திரவம் என்று கேட்காமல் மீட்டர் வாங்குவதற்குச் சமம். எங்கள் கரையில் மூன்று கூட்டம் உண்டு. இரவில் காதருகே வந்து பாடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடைத் தண்ணீரில் பெருகும், யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். கியூலெக்ஸில் ஓர் இனம் உப்பங்கழித் தண்ணீரிலும் வளரும் என்பதால், கடலோரத்தில் கொசு வராது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அடுத்தது அனாஃபிலிஸ். அதில் ஸ்டெஃபன்சை என்ற இனம் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் சுகமாக முட்டையிடும். ராமேஸ்வரம் தீவும் அதையொட்டிய கரையும் நெடுங்காலம் மலேரியாவுக்குப் பேர் போனதற்கு இதன் பங்கு பெரிது. 2012-இல் இதே இனம் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்தக் கண்டமே பதறியது. மலேரியா காட்டிலும் வயலிலும் இருக்கும் நோய் என்று நினைத்திருந்த நகரங்களுக்குள் அது குடிதண்ணீர்த் தொட்டி வழியாக நுழைந்துவிடும் என்ற பயம். எங்கள் அப்பத்தா காலத்தில் குளிர்காய்ச்சல் என்பது வருடத்தில் ஒரு பருவம் மாதிரி, வரும், போகும்.

மூன்றாவது ஏடிஸ். பகலில் கடிப்பது, காலில் வெள்ளை வளையம் போட்டது, டெங்குவையும் சிக்குன்குனியாவையும் சுமப்பது. 2006-இல் சிக்குன்குனியா வந்து ஊரே முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இது சாக்கடையைச் சீண்டாது. சுத்தமான, தேங்கிய, நிழலில் இருக்கும் தண்ணீர் வேண்டும். அதை ராமநாதபுரம் மாவட்டம்போல் ஊட்டி வளர்க்கும் இடம் குறைவு.

காரணம் சொல்லத் தேவையில்லை; இங்கே தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் காற்று மட்டும் வரும் நாட்கள் உண்டு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றைத் தேடிப் போகும் பெண்களை எங்கள் சாலைகளில் எந்த நேரமும் பார்க்கலாம். அப்படி வந்த தண்ணீர் டிரம்மிலும் தொட்டியிலும் அண்டாவிலும் நிற்கும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும் என்பதால் வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் காலி செய்யுங்கள் என்கிறது துண்டறிக்கை. குடம் குடமாக விலை கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கீழே ஊற்றச் சொல்லும் அறிவுரையை எழுதியவர் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். இதற்கு மேல் படகுத் துறை இருக்கிறது. படகின் விலாவில் அணைப்புக்குக் கட்டிய பழைய டயர், கரையேற்றிப் போட்ட வத்தைப் படகு, அதற்குள் தேங்கிய மழைத்தண்ணீர். தென்னந்தோப்பில் சிரட்டை. ஐப்பசியில் மழை இறங்கியதும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். ஏடிஸின் முட்டை ஈரம் இல்லாமலேயே மாதக்கணக்கில் தாக்குப்பிடித்துக் காத்திருக்கும். தண்ணீர் மேலேறி நனைத்ததும் பொரிக்கும்.

நான் முதலில் செய்து பார்த்தது கார்பன் டை ஆக்சைடு பொறி. கொசு நம்மைத் தேடி வருவது முக்கியமாக மூச்சுக்காற்றில் உள்ள அந்த வாயுவை வைத்துத்தான். வியர்வையின் லாக்டிக் அமிலமும் உடல் சூடும் அதற்கு அடுத்தபடி. வெளிநாடுகளில் எரிவாயுவை எரித்து அந்த வாயுவை உண்டாக்கும் பொறிகள் தோட்டங்களில் நிற்கும். விலையைப் பார்த்தால் கொசு கடித்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஏழைக்கு ஏற்ற வகை, பிளாஸ்டிக் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்து வைப்பது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். பாட்டிலின் கழுத்தைத் தலைகீழாகச் செருகினால் உள்ளே போனது வெளியே வரத் திணறும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். சிறு பாட்டில் அந்த அளவுக்குத் தராது. பக்கத்திலேயே புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருக்கும்போது கொசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிக்கப் பட்டம் தேவையில்லை. பொறியை ஆள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, கொசு வரும் வழியில், நிழலில் வைக்க வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு அடியில் வைத்தால் வெகுதூரத்துக் கொசுவையும் விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகும்.

காற்றும் ஒரு கட்சி. ஆடியில் கச்சான் வீசும்போது வாயு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. கொசுவும் பறக்காது, பொறியும் பிடிக்காது, இரண்டு பேருக்கும் வேலை இல்லை. கச்சான் ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு முன் புரட்டாசியில் கடல் கண்ணாடியாகக் கிடக்குமே, அந்த மாலைகளில்தான் கொசு ஆட்சி. கொசு பலமாகப் பறக்கத் தெரியாத பிராணி என்பதால், பொறிக்குச் செலவழிக்கும் காசில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வாங்கிக் கால் பக்கம் திருப்பி வைத்தால் படிக்கலாம். நான் படித்து முடித்தது அப்படித்தான்.

தேர்வைப் பற்றிச் சொல்லவில்லையே. ஐ.எஸ்.ஏ. என்ற அமைப்பு 1945-இல் அமெரிக்காவில் கருவிக்காரர்களின் சங்கமாகத் தொடங்கியது; 2008 முதல் அதன் பெயர் இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆட்டோமேஷன். ஆலைகளில் நாம் அன்றாடம் பார்க்கும் குழாய் வரைபடத்தில் வட்டத்துக்குள் எல்.டி., பி.ஐ.சி. என்று எழுதியிருக்கிறதே, அந்தக் குறியீட்டு முறை இவர்களுடைய தரம்தான். இவர்கள் நடத்தும் தேர்வுகளில் ஒன்று சி.ஏ.பி., அதாவது சர்ட்டிஃபைட் ஆட்டோமேஷன் புரொஃபஷனல். நான்காண்டுப் பட்டம் இருந்தால் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். இல்லாவிட்டால் அதைவிட நீண்ட அனுபவம். கேள்விகள் விடை தேர்வு செய்யும் வகை. கட்டணம் டாலரில். என் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் கண்ணைக் கட்டும். நிறுவனம் பாதி தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தப் பாதி இன்னும் ஏதோ ஒரு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

பி.எல்.சி., அதாவது ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிக்கு புரோகிராம் எழுதத் தெரிந்தால் ஆட்டோமேஷன் தெரிந்துவிட்டது என்பது இங்குள்ள பயிற்சி நிலையங்கள் பரப்பும் கருத்து. இந்தத் தேர்வு அதை லட்சியம் செய்வதில்லை. ஒரு திட்டம் தேவையா என்பதில் தொடங்கி, என்ன வேண்டும் என்று வரையறுப்பது, வடிவமைப்பது, எழுதுவது, நிறுவுவது, பிறகு பல ஆண்டுகள் ஓட்டிப் பராமரிப்பது வரை கேட்கிறது. வால்வின் அளவைக் கணக்கிடத் தெரிந்தவர்கள், இந்த வால்வு எதற்கு என்ற கேள்வியில் தடுமாறுகிறார்கள். என்னோடு படித்த நண்பர்கள் பி.ஐ.டி. என்ற கட்டுப்பாட்டுக் கணக்கில் மணிக்கணக்கில் மூழ்கினார்கள். அதன் எண்களைச் சரியாக அமைக்க சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் தந்த முறை இன்றும் பாடத்தில் இருக்கிறது. அழகான விஷயம், மறுக்கவில்லை. எனக்கு அதிகம் உதவியவை சாதாரணமாகத் தோன்றும் அத்தியாயங்கள். அவற்றைப் படித்துக்கொண்டே கொல்லையைப் பார்த்தால் பொறி வேறு மாதிரித் தெரிந்தது.

ஒரு கட்டுப்பாட்டு லூப்பில் மூன்று உறுப்புகள். அளக்கும் சென்சார், முடிவெடுக்கும் கன்ட்ரோலர், செய்து முடிக்கும் வால்வு அல்லது மோட்டார். கொசுப்பொறி விற்பவர் அதை மூன்றாவது உறுப்பு என்று சொல்லி விற்கிறார். உண்மையில் அது முதல் உறுப்பு. தினமும் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும் கூட்டத்தில் சிலவற்றைப் பிடித்து, இங்கே இவ்வளவு இருக்கின்றன என்று காட்டும் கருவி. தொட்டியில் மட்டம் ஏறுகிறது என்று மீட்டர் காட்டினால் இன்னொரு மீட்டர் வாங்கிப் பொருத்துவதில்லை. உள்ளே வரும் குழாயை மூடுகிறோம். கொசுவுக்கு உள்ளே வரும் குழாய் தேங்கிய தண்ணீர்.

சரி, அளக்கும் கருவி என்றே வைத்துக்கொண்டால் நல்ல கருவியா? எங்கள் தொழிலில் சிக்னல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை போகும். பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தொட்டி காலியாக இருந்தால் 4 வரும். வயர் அறுந்திருந்தால் 0 வரும். காலியா, கெட்டுப்போனதா என்று பிரித்துச் சொல்லும் ஏற்பாடு அது. கொசுவை உள்ளே இழுக்க மின்விசிறி வைத்த பொறிகளில் இது இல்லை. தட்டு காலியாக இருந்தால் கொசு இல்லை என்றும் பொருள், உப்புக்காற்றில் விசிறியின் மோட்டார் துருப்பிடித்து நின்றுவிட்டது என்றும் பொருள். இந்தக் கரையில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். பாம்பன் பாலத்துக்கு நூறு ஆண்டுகளாக வண்ணம் பூசிப் பூசி ஓய்ந்த இடமல்லவா இது?

அதனால் மோட்டாரே இல்லாத வேறொரு பொறியைத் தேர்ந்தெடுத்தேன். முட்டைப் பொறி என்று சொல்லலாம். கறுப்பு வாளி, பாதித் தண்ணீர், அதில் புல்லை ஊறவைத்த சாறு கொஞ்சம், உட்சுவரில் ஒட்டிய முரட்டுத் துணி. பெண் ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சொரசொரப்பில் ஒட்டும். கறுப்பு நிறமும் அழுகிய புல்லின் வாசனையும் அதற்குப் பிடிக்கும். துணியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் மிளகைப் பொடித்துத் தூவியது போல் முட்டைகள் தெரியும். 1960-களில் அமெரிக்கர்கள் ஏடிஸை ஒழிக்க முயன்றபோது கண்காணிப்புக்குப் பயன்படுத்தியதும் இதே ஏற்பாடு. ஒரே ஓர் எச்சரிக்கை. வாளியை வைத்துவிட்டு மறந்தால் அதுவே நாற்றங்காலாகிவிடும். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைச் சிறிது போட்டால் புழு வளராது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டெடுத்தது அது, கொசுப்புழுவின் குடலைக் கெடுக்கும், மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாது. போட்டாலும் வாரம் ஒரு முறை வாளியைக் காய்ந்த மணலில் கவிழ்த்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும்.

ஒரு பெண் ஏடிஸ் தன் முட்டைகளை ஒரே இடத்தில் போடாமல் பல பாத்திரங்களில் பிரித்துப் போடும். ஒற்றை வாளி அதன் சுபாவத்தில் ஏமாந்துவிடும். நான் மூன்று வாளிகள் வைத்தேன்: கிணற்றடி, மாட்டுக்கொட்டகைப் பின்புறம், அத்தை வீட்டு வேலியோரம். ஆலையின் பாதுகாப்பு அமைப்புகளில், அளந்ததைச் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் ஆலையை நிறுத்துவார்கள். ஒன்று மட்டும் கத்தினால் அதைச் சந்தேகிப்பார்கள். அந்த விதியையே கடைப்பிடித்தேன். இரண்டு வாளிகளில் முட்டை ஏறினால் மட்டும் தெருவில் இறங்கித் தேடுவது. ஏடிஸ் அதிகத் தூரம் பறக்காது, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் பிறந்ததுதான் நம்மைக் கடிக்கிறது. ஆகவே தேடுவதற்கு ஓர் எல்லை இருந்தது.

அலாரம் பற்றிய பாடத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த ஐ.எஸ்.ஏ. 18.2 தரத்தின்படி, உடனே ஒருவர் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால்தான் அது அலாரம். செய்ய எதுவும் இல்லாமல் கத்துவது வெறும் சத்தம். ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதே தாங்கக்கூடிய சராசரி. ஆலைகளில் இதை மீறித்தான் வாழ்கிறோம். கத்துவதைப் பார்க்காமலேயே அமுக்கும் விரல் பழக்கப்பட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் டெங்கு எச்சரிக்கைகளுக்கும் ஊர் இதே மரியாதையைத்தான் தருகிறது. கிணற்றடி வாளியிலும் வேலியோர வாளியிலும் முட்டை ஏறியிருக்கிறது, படகுத் துறைப் பக்கத்து டயர்களைப் பாருங்கள் என்று பெயர் சொல்லி இடம் சொல்லிக் கேட்டபோது ஆட்கள் வந்தார்கள். டயரின் அடியில் துளை போட்டுத் தண்ணீரை வடிய விட்டார்கள்.

அத்தைக்கு நான் என்ன படிக்கிறேன் என்று விளங்கவில்லை. இந்த வயதில் பரீட்சையா, யாருக்குக் காட்ட என்றார். பாம்பனை வைத்துச் சொன்னேன். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகி ரயிலை நிறுத்திவிடும். ஓட்டுநர் தைரியசாலியா, பயணிக்கு அவசரமா என்று அது கேட்காது. காற்றை அளப்பது ஒரு கருவி, தடுப்பது ஓர் இன்டர்லாக். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோனதை அறிந்தவர் அத்தை. அடுத்த கேள்வி கேட்கவில்லை. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் கப்பல் வழியை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புகிறது, மோட்டாரில். பார்க்கப் போன அத்தை, இதைச் செய்தவர்களும் உன் பரீட்சையை எழுதினார்களா என்று கேட்டார். எழுதாமலும் செய்யலாம் அத்தை என்றேன். அப்படியானால் நீ ஏன் எழுதுகிறாய் என்ற கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி.

புகை மருந்து வண்டி வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள், பெரியவர்கள் நிம்மதியாகிறார்கள். பறக்கும் கொசுவில் ஒரு பகுதி சாகும். டிரம்மில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் அது சிறகு முளைத்து வரும். இன்று செய்ததன் விளைவு பத்து நாள் கழித்தே தெரியும் ஓர் ஓட்டத்தை, இன்றைய கடியை மட்டும் பார்த்து அடக்க முடியாது. கணக்கு வைத்துக் காத்திருக்க வேண்டும்.

தண்ணீரைக் கொட்டச் சொல்ல மனம் வராததால் நாங்கள் மூடுவதில் கவனம் வைத்தோம். டிரம் மூடிகள் எப்போதோ உடைந்துவிட்டவை. பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வாயில் போட்டு, சைக்கிள் டியூபிலிருந்து அறுத்த ரப்பர் வளையத்தால் இறுக்கினால் போதும். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டால் அதன் மேலேயே முட்டையிடும். தண்ணீர் தீர்ந்து டிரம் காலியாகும் நாளில் மட்டும் தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்; வெறுமனே அலசி மறுபடி நிரப்பினால் ஒட்டியிருக்கும் முட்டை அப்படியே இருக்கும். கிணற்றுக்கு மீன் குஞ்சு விட்டோம். அடுத்த மழைக்கு வாளித் துணிகளில் முட்டை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தது. கியூலெக்ஸ் குறையவில்லை, அதற்குச் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டும், அது எங்கள் கையில் இல்லை.

தேர்வில் தேறிவிட்டேன். சான்றிதழ் வந்ததால் சம்பளம் ஏறவில்லை. ஆனால் வளைகுடா நிறுவனங்களின் விளம்பரங்களில் விரும்பத்தக்க தகுதி என்ற வரியில் இது இருக்கிறது, விண்ணப்பம் முதல் சல்லடையைத் தாண்டுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது: டிப்ளமோ முடித்து, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி மாட்டுவதும் காலிபரேஷன் செய்வதுமே உங்கள் வேலை என்றால் சி.ஏ.பி.யை விடுங்கள். அதே அமைப்பு நடத்தும் சி.சி.எஸ்.டி. என்ற டெக்னீஷியன் தேர்வைப் பாருங்கள். மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலைக்குப் படிப்பும் பயிற்சியும் அனுபவமும் சேர்த்து ஐந்து ஆண்டு இருந்தால் போதும். கேள்விகள் உங்கள் கைப்பழக்கத்திலிருந்து வரும். எதை எழுதினாலும், ஒரு கம்பெனியை விட்டு விலகும் முன்பே, என்ன வேலை பார்த்தீர்கள் என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் அந்த மேலாளர் வேறு நாட்டில் இருப்பார்.